ஈறு நிற ஒட்டு

கார் வீட்டுக்குள் வந்த அன்று தையலக்காவின் மெஷின் நடைக்குப் போனது. நடை என்றால் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த சந்து. சன்னல் கிடையாது. பகலிலும் பல்பு எரிய வேண்டும். ஒரு பக்கம் வெந்நீர் ஆவி, மறுபக்கம் அடுப்புச் சூடு, நடுவில் மெஷின், அதன் பின்னால் தையலக்கா. யாராவது குளிக்கப் போக வேண்டுமென்றால் அவள் எழுந்து, ஸ்டூலைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்பாள். குளித்துவிட்டு வருகிறவர் ஈரத்தோடு அவளை உரசிக்கொண்டு திரும்புவார். தைத்து வைத்த துணியில் ஈரம் படும்.

முன்னறை அப்படிப்பட்டதல்ல. முன்பு யாரோ கடை வைத்திருந்த அறை அது. தெருவைப் பார்த்து அகலமான இரட்டைக் கதவு, கிழக்கில் வரிசையாகச் சன்னல்கள். காலையில் வெளிச்சம் வந்து விழுந்தால் ஊசிக் காதில் நூல் தானாகவே போய் நுழையும் என்று அவள் சொல்லிக்கொள்வாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அங்கேதான் உட்கார்ந்து தைத்தாள். திரைச்சீலை, தலையணை உறை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெரிய ஆஸ்பத்திரி நர்ஸுகளின் சீருடை. தெருவில் போகிறவர்கள் சன்னல் வழியே ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். யார் வீட்டில் என்ன என்பதெல்லாம் அவளுக்குத் தையல் நிற்காமலே தெரிந்துவிடும். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. தெருவுக்கே அவள் தையலக்கா.

அவள் புருஷன் பல்செட்டுக்காரர். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் இவர் மாவு ஊற்றி, மெழுகு வைத்து, பல்லை அடுக்கி, ஈறு நிறத்தில் ஒரு பொடியும் திரவமும் கலந்து வார்த்து, தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். வீட்டின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட அறைதான் அவருடைய பட்டறை. ஊரில் வயதானவர்கள் சிரித்தால் அதில் பாதிச் சிரிப்பு இவர் செய்தது. ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. டாக்டர் கட்டிய பல் என்றுதான் சொல்வார்கள். அது அவர் மனசில் முள்ளாகக் கிடந்தது.

அவருக்கு அதிகமாக வேலை கொடுத்தவர் ஒரு டாக்டர். இவர் சைக்கிளில் அச்சுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவார், அந்த டாக்டர் காரில் வருவார். உருண்டை விளக்கும் நீண்ட மூக்கும் வெள்ளிப் பல் வரிசை மாதிரி முன்பக்கக் கம்பிகளுமாக, பாலாடை நிறத்தில் ஒரு கார். ஒரு மழைநாளில் அந்தக் கார் இவர்மேல் சேற்றை வாரியடித்துவிட்டு நிற்காமல் போனது. தலையிலிருந்து கால்வரை சேறாக வீட்டுக்கு வந்தவர் கோபப்பட்டாரா என்றால் இல்லை. என்ன வண்டி, என்ன வண்டி என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே துவட்டினார். அன்றைக்கே தையலக்கா சுதாரித்திருக்க வேண்டும். அவளோ சட்டையை ஊற வைக்கப் போய்விட்டாள்.

காலம் போனது. டாக்டர் புதுக்கார் வாங்கினார், அதை மாற்றி இன்னொன்று வாங்கினார். பாலாடை நிறக் கார் அவருடைய பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கொட்டகையில் கிடந்து தூசி தின்றது. ஒருநாள் இவர் பல்செட் கொடுக்கப் போனபோது, வேற யார் கேட்டாலும் குடுக்கமாட்டேன், உன் கைப்பக்குவத்துக்குத்தான் இது அடங்கும் என்றார் டாக்டர். அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் டாக்டர் அவர் கையைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. பல்செட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. சைக்கிளைத் தவிர வேறொன்றை ஓட்டியறியாதவர், அந்த வயதில் டிரைவிங் பள்ளிக்கூடத்தில் போய்ப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது எல்லாம் காரின் விலையாக டாக்டர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

காரைக் கயிறு கட்டித்தான் இழுத்து வந்தார்கள். தையலக்கா மகளோடு ஸ்கூட்டரில் பின்னால் வந்தாள். மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண், வளர்ந்து ஆளான பிறகும் வீட்டில் பாப்பாதான். பாப்பா சந்தோஷத்தில் காரையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். தையலக்கா மட்டும் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் வாசலில் நின்று, எதையோ கழித்துவிட்ட மாதிரி இரண்டு கையையும் தட்டித் தூசியை உதறினார். அந்தக் கைதட்டல் அவளுக்குப் பிடிக்கவில்லை.

முன்னறையின் கதவு நிலையைப் பெயர்த்து எடுத்து, வாசல் படியைக் கொத்திச் சரிவாக்கி, காரை உள்ளே தள்ளினார்கள். தெருவில் நிறுத்தினால் வெயில் பட்டு பெயின்ட் வெளுக்கும், போகிற வருகிற பயல்கள் ஆணியால் கோடு போடுவார்கள் என்றார் அவர். அப்ப மெஷினை எங்க போடறது என்று அவள் கேட்டாள். அவர் காரைச் சுற்றி நடந்துகொண்டே, மெஷின் எங்க இருந்தா என்ன, தைக்கிறது ஊசிதானே என்றார். பாப்பா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். தையலக்கா நூல்கண்டுகளைக் கூடையில் எடுத்துப் போட்டாள்.

மறுவாரம் மெக்கானிக் வந்தார். பழைய வண்டிகள் என்றால் நடுராத்திரியில் எழுப்பினாலும் வருகிற ஆள். இன்ஜினைப் பார்த்தார், நல்ல மாதிரிதான் இருக்கிறது என்றார். பெட்ரோல் டாங்கில் துரு, ரப்பர் குழாய்கள் எல்லாம் மொரமொரத்துப் போயிருக்கின்றன, மாற்றிவிடலாம் என்றார். பிறகு டிரைவர் சீட்டுக்கு முன்னால் கிடந்த மிதியடியைத் தூக்கிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் வைத்து லேசாக அமுக்கினார். அது பிஸ்கட்டில் இறங்குவதுபோல் இறங்கிவிட்டது. அவர் கையை எடுத்துவிட்டுப் பல்செட்டுக்காரரைப் பார்த்தார்.

“அண்ணே, கீழ தாரைப் பூசி மறைச்சிருக்காங்க. தரையே இல்ல. உங்க கால் இருக்கிற இடம் பூரா செத்துப்போச்சு. இதை வெட்டி எடுத்துட்டு புதுத் தகடு வச்சு வெல்டு அடிக்கணும்.”

“வெட்டறதா?”

“வெட்டாம எப்படி? சீட்டைக் கழட்டி, பாதித் தரையை எடுத்துடணும். வண்டி ரெண்டு மாசம் என் ஷெட்டுல கிடக்கட்டும்.”

பல்செட்டுக்காரர் முகம் சுருங்கியது. டாக்டர் ஏமாற்றியிருப்பார் என்று நினைக்க அவரால் முடியவில்லை. நினைத்தால் அந்தப் புகழ்ச்சியும் பொய்யாகிவிடும். அதனால் கோபம் மெக்கானிக் பக்கம் திரும்பியது.

“ஆடுற பல்லையெல்லாம் பிடுங்கணும்னா ஊர்ல பாதிப் பேர் பொக்கை வாயாத்தான் திரியணும். வெட்டறது பெரிய வித்தை இல்ல தம்பி. இருக்கிறதை வச்சுக் கட்டறதுதான் வித்தை.”

“இது வாய் இல்லண்ணே. ஆளைத் தாங்கணும்.”

“நான் கட்டின பல்லுல எலும்பைக் கடிக்கிறவங்க இருக்காங்க.”

தரையை மாற்றாமல் அந்த வண்டியைத் தொடமாட்டேன் என்று மெக்கானிக் சொல்லிவிட்டுப் போனார். தையலக்கா அவருக்கு டீ கொடுத்தாள். அவர் வாசலில் நின்று டீயைக் குடித்துவிட்டு, அண்ணனை இதை எடுத்துக்கிட்டு ரோட்டுக்குப் போக விடாதீங்கக்கா என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கொடுத்தார்.

அன்று மத்தியானமே பல்செட்டுக்காரர் தன் வித்தையைத் தொடங்கினார். துருவைச் சின்ன பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தார். ஓட்டைகளுக்குக் கீழே மெழுகை முட்டுக் கொடுத்து, மாவு குழைத்து அச்செடுத்தார். வாயில் அச்செடுப்பதுபோலவே எல்லாம். பட்டறையிலிருந்து ஈறுப் பொடியையும் திரவத்தையும் டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து தையலக்காவைக் கலக்கச் சொன்னார். திரவத்தின் நெடி மூக்கைப் பிய்த்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவள் கலக்கிக் கொடுக்கக் கொடுக்க அவர் மண்டியிட்டு ஊற்றினார். இறுகியதும் மெருகு போட்டார். காரின் தரை ஒரு பெரிய வாயின் ஈறாகச் சிவந்து பளபளத்தது. பாப்பா குனிந்து பார்த்துவிட்டு, அப்பா, இதுல நாலு பல்லையும் நட்டுடுங்க என்றாள். மூவரும் சிரித்தார்கள். தையலக்காவும் சிரித்தாள், சிரிப்பு வந்தது. பிறகு அவர் அதன்மேல் கறுப்பு பெயின்ட் அடித்து மிதியடியைப் போட்டார்.

முதல் கார் வாங்கினவர் செய்கிற தப்பையெல்லாம் அவர் ஒன்று விடாமல் செய்தார். முன்பக்கக் கம்பிகளைப் பல்லுக்கு மெருகு போடுகிற பொடியால் தேய்த்தார், வெள்ளிப் பூச்சு கழன்று உள்ளே இருந்த மஞ்சள் உலோகம் இளித்தது. காரை மழைத் தண்ணீர்கூட அண்டக்கூடாதென்று கனத்த பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றினார், உள்ளே வேர்த்து ஊற்றியது. காலையில் தாளைப் பிரித்தால் தண்ணீர் சரசரவென்று அவள் தரையில் வழியும், அவள் துடைப்பாள். இன்ஜின் படுத்துவிடக்கூடாதென்று தினமும் கிளப்புவார். அது இருமும், கனைக்கும், அணையும். மறுபடி கிளப்புவார். புகை சன்னலை விட்டுவிட்டு நேராக நடைக்கு வரும். அவள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு தைப்பாள். ஒரு கையால் எவ்வளவு தைக்க முடியுமோ அவ்வளவு.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. நடையில் பல்பு வெளிச்சம் மஞ்சளாக விழும். அந்த வெளிச்சத்தில் கறுப்பும் கருநீலமும் ஒன்றுதான். நர்ஸுகளின் கருநீலச் சீருடை முழுவதையும் அவள் கறுப்பு நூலில் தைத்துவிட்டாள். அவளுக்குத் தெரியவே இல்லை. மூட்டை அப்படியே திரும்பி வந்தது. கொண்டுவந்து போட்டவன், ஆஸ்பத்திரி மேடம் இனிமே வேற இடத்துல குடுத்துக்கறாங்களாம் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். அவள் ஒரு சீருடையை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து, காருக்கும் சன்னலுக்கும் நடுவே இடுக்கில் நின்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு தையலும் எறும்பு வரிசையாகக் கறுப்பாகத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவள் தைத்த துணி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அவள் அங்கேயே நின்று அழுதாள்.

பல்செட்டுக்காரர் காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார்.

“துணியை வண்டி மேல போடாத. கோடு விழும்.”

“ஏங்க, ஒரு வாரத்துக்கு மட்டும் இதைத் தெருவுல நிறுத்துங்க. எல்லாத்தையும் பிரிச்சுத் தச்சுக் கொண்டுபோய்க் குடுத்துடறேன். கால்ல விழுந்தாவது கேட்டுக்கறேன்.”

“மழையிலயா?”

“ஒரு வாரம்தாங்க.”

“உனக்குக் கண்ணு போச்சு. அதுக்கு வண்டி என்ன பண்ணும்? கண்ணாடி வாங்கிப் போடு.”

தலை உள்ளே போய்விட்டது. இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தையலக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கால்களைத் தாண்டி நடைக்குப் போனாள். அன்றைக்குத்தான் அவள் மனசு விட்டுப்போனது. சண்டை போடுகிறவள் இல்லை அவள், சாபம் விடுகிறவளும் இல்லை. ஆனால் இந்தக் கார் ஒழிய வேண்டும், அந்த அறை எனக்குத் திரும்ப வேண்டும் என்ற ஒரே நினைப்பு அவளோடு எழுந்து அவளோடு படுத்தது.

மழை ஓய்ந்த பிறகு பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று அவர் கண்டுபிடித்தார். குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது, அதை வெளியேற்ற வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே படுத்துச் சக்கரத்தின் பக்கம் திருகைத் திறந்து மூட வேண்டும். மெக்கானிக்கோடுதான் பேச்சில்லையே. பாப்பா வேலைக்குப் போயிருந்தாள். அதனால் தையலக்கா காரில் ஏறினாள். தன் முன்னறையில் தனக்குக் கிடைத்த இடம் இதுதான் என்று நினைத்துக்கொண்டு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

“மிதி” என்றார் கீழேயிருந்து. மிதித்தாள். “விடு.” விட்டாள். மிதி, விடு, மிதி, விடு என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். பெடல் கனத்துக்கொண்டே வந்தது. பாதத்தால் மட்டும் தள்ள முடியாமல் அவள் குதிகாலைத் தரையில் ஊன்றி அமுக்கினாள். அப்போது குதிகாலுக்குக் கீழே ஏதோ நெகிழ்ந்து, கல்லைக் கடித்த பல்செட்டு விரிசல் விடுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

“ஏங்க, கீழ—”

“பேசாம மிதி. பேச்சுல கணக்குத் தப்புது.”

“இல்லங்க, இந்தத் தரை—”

“வாயை மூடிட்டு மிதின்னேன்ல. உன்னை எதுக்கு உக்கார வச்சிருக்கேன்?”

அவள் வாயை மூடிக்கொண்டாள். குதிகாலை ஓரமாக நகர்த்தி வைத்துக்கொண்டு மிதித்தாள், விட்டாள். வேலை முடிந்ததும் இறங்கிப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். டீ போடும்போது சொல்லலாம் என்று நினைத்தாள். அவர் டீயைக் குடித்துவிட்டு, சர்க்கரை அதிகம் என்றார். அவள் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு காலையில் பெருக்கும்போது காருக்கு அடியில், டிரைவர் பக்கம், ஈறு நிறத்தில் கொஞ்சம் தூள் கிடக்கும். முதலில் ஒரு சிட்டிகை, பிறகு ஒரு கரண்டி. சில நாள் கறுப்பு பெயின்ட் ஒட்டிய சில்லும் கிடக்கும். அவர் தினமும் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்ப்பவர். மிதியடியைத் தூக்கிப் பார்க்கமாட்டார். தான் கட்டியதைத் தானே சந்தேகப்படுகிற வழக்கம் அவருக்கில்லை. தையலக்கா தூளை முறத்தில் வாரிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, அந்த இடத்தை ஈரத் துணியால் துடைத்துவிடுவாள். அவர் கால் போகும் என்று அவள் நினைத்தாளா? அப்படி நினைக்கவில்லை. தரை இற்று விழும், அவர் வெட்கப்பட்டுக் காரைத் தள்ளிவிடுவார், நாலு பேர் சிரிப்பார்கள், அதோடு விட்டது பீடை என்றுதான் நினைத்தாள். மனசு எதைக் கேட்க விரும்புகிறதோ அதை மட்டும் சொல்லிக்கொடுக்கிற நேரம் ஒன்று உண்டு. அவளுக்கு அது அந்த நேரம்.

டாக்டர் புது ஆஸ்பத்திரி கட்டித் திறந்தார். மேட்டுச் சாலையின் அடிவாரத்தில், கண்ணாடிச் சுவர் வைத்து. திறப்புக்குப் பல்செட்டுக்காரரை யாரும் அழைக்கவில்லை. ஆனால் வேலை செய்கிறவனை அழைக்கவா வேண்டும், நான் நம்ம வண்டியிலேயே போய் இறங்கினால் டாக்டர் வாயடைத்துப் போய்விடுவார் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். அதுவரை பக்கத்துத் தெருக்களை ஊர்ந்து சுற்றியதோடு சரி, சரிவில் இறக்கியதில்லை. விடுமுறை நாள் அது. காலையிலேயே கார் துடைத்து நின்றது. அவர் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, கைக்குட்டையில் செண்ட் போட்டுக்கொண்டார். அவரை அப்படிப் பார்க்கச் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது. தையலக்கா, சொல்லிவிடலாமா என்று வாசல்வரை வந்தாள்.

பாப்பாவும் நல்ல உடை உடுத்திக்கொண்டு செருப்பை மாட்டினாள். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டுக் கதவைத் திறந்து கையை வைத்தாள். தையலக்கா எட்டி அவள் கையைப் பிடித்தாள்.

“பாப்பா, நீ போகாத.”

“ஏம்மா?”

“பட்டன் தைக்கணும். இன்னிக்கே குடுக்கணும்.”

“வந்து தச்சுத் தரேம்மா. அரை மணி நேரம்.”

“இல்ல, நீ இரு. எனக்குக் கண்ணு தெரியல.”

மகளின் கையைப் பிடித்தவள் விடவில்லை. விரல் நகம் பதிகிற அளவுக்குப் பிடித்தாள். பாப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனாள். பல்செட்டுக்காரர் கண்ணாடியில் தலைமுடியைச் சரிபார்த்துக்கொண்டே, சரி, அவ இருக்கட்டும் என்றார். கார் கனைத்துக்கொண்டு சரிவில் இறங்கித் தெருவுக்குள் திரும்பியது. தையலக்கா அது மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி, காலியான அறையைப் பார்த்தாள். சன்னல் வெளிச்சம் தரை முழுக்கப் பரவிக் கிடந்தது.

நடந்ததைத் தெருமுனை டீக்கடைக்காரர் வந்து சொன்னார். மேட்டுச் சாலை இறக்கத்தில் குறுக்கே பஸ் ஒன்று திரும்பியிருக்கிறது. அவர் இரண்டு காலாலும் பிரேக்கை ஏறி மிதித்திருக்கிறார். தரை உடைந்து வலது கால் கணுக்கால்வரை கீழே போய்விட்டது. தகட்டின் ஓரம் காலைக் கவ்விக்கொண்டது, கார் நிற்கவில்லை. காலைச் சாலையில் தேய்த்துக்கொண்டே போய்ப் புது ஆஸ்பத்திரியின் சுவரில் இடித்துத்தான் நின்றிருக்கிறது. திறப்புக்கு வந்தவர்களெல்லாம் ஓடிவந்தார்களாம். டாக்டர் காரைப் பார்த்தாராம், பார்த்துவிட்டு அது யாருடைய வண்டி என்று கேட்டாராம்.

பெரிய ஆஸ்பத்திரியில் கணுக்காலோடு எடுத்துவிட்டார்கள். காயத்தைச் சுத்தம் செய்த நர்ஸ் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து தையலக்காவிடம் காட்டினாள். புதுச் சீருடை போட்டிருந்தாள், யாரோ கருநீல நூலில் தைத்தது.

“இது என்னம்மா, சதைக்குள்ள நெறைய இருந்துச்சு. பார்த்தா ஈறு மாதிரி இருக்கு. இவர் வாய்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு?”

“அவர் செஞ்சது” என்றாள் தையலக்கா. நர்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிண்ணத்தைக் குப்பையில் கவிழ்த்தாள்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் காரைப் பழைய இரும்புக்காரன் வந்து இழுத்துக்கொண்டு போனான். பாப்பா அப்பாவுக்காக அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள். அன்று சாயங்காலம் தாயும் மகளுமாக மெஷினை நடையிலிருந்து முன்னறைக்குத் தூக்கி வந்தார்கள். தையலக்கா தரையில் இருந்த எண்ணெய்க் கறையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். மறுநாள் காலையில் வெளிச்சம் வந்து மெஷின்மேல் விழுந்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன், உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. புருஷன் காலை இழந்து கிடக்கிறான், இவள் நூல் கோத்துக்கொண்டு வாய்க்குள் முணுமுணுவென்று பாடினாள். தெருவில் போனவர்கள் சன்னலில் நின்று விசாரித்தார்கள். ஐயோ பாவம் என்றார்கள். அவளும் ஐயோ பாவம் என்றாள். கறுப்பு நூலையெல்லாம் பிரித்து நீலத்தில் தைத்து, ஆஸ்பத்திரிக்கு அவரைப் பார்க்கப் போகும்போதே மூட்டையைக் கொண்டுபோய் மேடத்திடம் காட்டினாள். மேடம் அவள் நிலைமையைக் கேட்டு இரக்கப்பட்டு, அடுத்த மாதத்திலிருந்து மறுபடி தருகிறேன் என்றாள்.

அவர் வீட்டுக்கு வந்த அன்று பாப்பா பின்னறையில் கட்டிலைப் போட்டு, பட்டறைக்குப் போக வசதியாக இருக்கும் என்று புது விரிப்பு விரித்து வைத்திருந்தாள். ஆட்டோக்காரரும் மெக்கானிக்குமாகத் தூக்கி வந்து முன்னறையில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மெக்கானிக் நாற்காலியைச் சரியாக நகர்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டார். பாப்பா மருந்து வாங்கக் கிளம்பினாள். பல்செட்டுக்காரர் மெஷினைப் பார்த்தார். அதன்மேல் கிடந்த நீலத் துணியைப் பார்த்தார். அவள் தைத்துக்கொண்டேயிருந்தாள்.

“இந்தா, அதை நிறுத்து.”

நிறுத்தினாள்.

“அன்னிக்குப் பாப்பா கிளம்பி நின்னா. கதவைத் திறந்துட்டா. நீதான் விடல.”

“பட்டன் வேலை இருந்துச்சு.”

“பட்டன் வேலை உனக்கு எந்நாளும்தான் இருக்கு. அவ கையில உன் நகம் பதிஞ்ச தழும்பு இருக்கு. ஆஸ்பத்திரியில சோறு ஊட்டும்போது பார்த்தேன். படுத்துக் கிடந்தவனுக்கு வேற வேலை என்ன, அதையேதான் யோசிச்சேன்.”

அவள் பொய் சொல்லியிருக்கலாம். ஒரு சின்னப் பொய் போதும், அவரும் நம்ப விரும்பித்தான் கேட்டார், முகத்தில் தெரிந்தது. ஆனால் இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

“தெரியும்” என்றாள்.

“எப்பலேர்ந்து?”

“பிரேக் மிதிக்கச் சொன்னீங்களே, அன்னிலேர்ந்து. சொல்ல வந்தேன். வாயை மூடுன்னீங்க.”

“அப்புறம் சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருக்கலாம். தினம் பெருக்கும்போது தூள் கொட்டிக் கிடந்துச்சு. வாரிப் போட்டுட்டேன். கால் போகும்னு நினைக்கலங்க.”

“மக கால் போகும்னு நினைச்சிருக்க.”

மெஷின் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் கத்துவார், கையில் கிடைத்ததை எடுத்து எறிவார் என்று காத்திருந்தாள். அவர் கத்தவில்லை. கட்டுப் போட்ட காலைத் தடவிக்கொண்டார்.

“பாப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரிஞ்சா உன் மூஞ்சியில முழிக்கமாட்டா. நான் சொல்லமாட்டேன்.”

மன்னித்துவிட்டாரோ என்று ஒரு கணம் நினைத்து அவள் நிமிர்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது.

“கட்டிலை இங்க போடச் சொல்லு. இதைக் கிளப்பி உள்ள கொண்டு போ. இனிமே நான் இங்கதான் இருப்பேன், சாகறவரைக்கும்.”

பாப்பா மருந்தோடு வந்தபோது தையலக்கா மெஷினின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏம்மா மறுபடி என்று பாப்பா கேட்டாள். அப்பாவுக்குக் காத்து வேணுமாம் என்றாள் தையலக்கா. அதுவும் சரிதாம்மா, நாலு பேர் வந்தா இங்கேயே பார்த்துட்டுப் போவாங்க, அப்பாவுக்கும் பொழுது போகும் என்று பாப்பா மறுமுனையைத் தூக்கினாள். இருவருமாக மெஷினை நடையில் இறக்கி, கட்டிலை முன்னறையில் போட்டு, தலையணையை அடுக்கி, அவரைப் படுக்க வைத்தார்கள்.

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வெளிச்சம் மூஞ்சியில அடிக்குது, சன்னலைச் சாத்து என்றார். எந்தச் சன்னலை என்று தையலக்கா கேட்டாள். எல்லாத்தையும் என்றார். அவள் ஒவ்வொன்றாகச் சாத்திக் கொக்கி போட்டுவிட்டு, நடைக்குப் போய் பல்பைப் போட்டாள்.